நிழல் தேடிப் போன சைக்கிள்கள்

பங்குனி பிறந்த நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்காலுக்கு, நெடுங்குளம் பல்கலைக்கழகத்தின் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் தன் ஸ்டாண்டைத் தானே தட்டி விட்டுக்கொண்டு, யாரும் ஏறாமலும் யாரும் தள்ளாமலும், பரீட்சைக் கட்டடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நூலகத்துக்கு முன்னால் இருக்கிற புங்கமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டது.

காவலாளி செண்பகவல்லி அதைக் கண்ணால் பார்த்தாள். கையில் டீ கிளாஸ் இருந்தது. டீயைக் கீழே போடவுமில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. வயலுக்குள் இறங்குகிற ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். பிறகு தோளில் கிடந்த சங்கிலியோடு போய், பச்சை சைக்கிளின் முன்சக்கரத்தில் அதைக் கோத்துப் பூட்டினாள். நூலகத்துக்கு முன்னால் சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கிறது. யார் கொண்டுவந்து நிறுத்தினால் குற்றம், தானாக வந்து நின்றால் என்ன செய்வது என்றெல்லாம் போர்டில் இல்லை.

பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. தப்பான இடத்தில் நிற்கிற சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது, சொந்தக்காரர் வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திறந்து விடுவது. மாணவர்கள் அவளைச் சங்கிலி அக்கா என்பார்கள். சரியான இடம் என்று பல்கலைக்கழகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பரீட்சைக் கட்டடத்துக்குப் பின்னால், எந்த வகுப்புக்கும் பக்கமில்லாத மூலையில் இருந்தது. அதன் தகரக் கூரை மூன்று வருஷத்துக்கு முந்தின ஆடிக் காற்றில் பறந்துபோய்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையில் விழுந்துவிட்டது. பண்ணைக்காரர் அதைத் திருப்பித் தரவில்லை, பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சைக்கிள்கள் மொட்டை வெயிலில் நின்றன, டியூப்கள் பட்டாசு மாதிரி வெடித்தன, சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள்.

பச்சை சைக்கிளின் சொந்தக்காரி ரிபாயா பானு, புவியியல் துறை ஆராய்ச்சி மாணவி, நாலரை மணிக்கு வந்தாள்.

"அக்கா, நான் ஸ்டாண்டுலதான் விட்டேன்."

"தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அதுவா வந்துட்டு."

"அப்ப எதுக்குப் பூட்டினீங்க?"

"தப்பு பண்ணிருக்குல்லா. லெட்டர் எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

ரிபாயா நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: மதிப்பிற்குரிய ஐயா, எனது சைக்கிள் வெயில் தாங்க முடியாமல் நூலக வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அதன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

செண்பகவல்லி இரண்டு தரம் படித்தாள். "சைக்கிள் என்ன கலர்னு எழுது" என்றாள். எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்தாள்.

மறுநாள் மதியம் ஒன்றரைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள்கள் ஸ்டாண்டைக் காலி செய்துவிட்டன. இயற்பியல் துறைச் சைக்கிள்கள் நூல் பிடித்த மாதிரி வேப்பமரத்து வரிசையிலும், பொருளாதாரத் துறைச் சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு கேன்டீன் கொட்டகையிலும் போய் நின்றன. ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. கேன்டீன் மாஸ்டர் வேப்ப நிழலைவிடப் புங்க நிழலுக்குத்தான் கூட்டம் அதிகம் என்று கவனித்து, தன் பால் கேனையும் புங்கமரத்தடிக்கு மாற்றினார். விடுதிப் பையன்களின் தாய்மார்கள் போனில், சாப்பிட்டியா என்று கேட்ட கையோடு சைக்கிள் வகுப்புக்குப் போச்சா என்றும் கேட்டார்கள். தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவர், ஆள் வராமல் சைக்கிள் மட்டும் வாசலில் வந்து நிற்கிற மாணவனுக்குப் பாதி வருகை போட்டார். மோட்டார் பைக்குகள் மட்டும் அசையவில்லை. பெட்ரோல் குடித்துப் பழகினதுகளுக்கு எங்கே சுரணை இருக்கும் என்று தோட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

செண்பகவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. பதினோரு வருஷத்து ஒழுங்கு கண்முன்னால் உருண்டு போனது. வியாழக்கிழமை காலை ஸ்டோர் ரூமில் எழுதிக் கொடுத்து அறுபதடிச் சங்கிலி ஒன்று வாங்கினாள். முப்பத்தொரு சைக்கிள்களை ஸ்டாண்டிலேயே வைத்து மொத்தமாகக் கோத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

முப்பத்தொன்றும் சேர்ந்து கிளம்பின. கூட்ஸ் ரயில் மாதிரி, முன்னது நடக்கப் பின்னது நடந்து, வளைவு வந்த இடத்தில் முன்னது நின்று பின்னதற்கு இடம் கொடுத்து, மேட்டில் பின்னது முன்னதைத் தள்ளி, சங்கிலி கலகலக்க வளாகம் முழுக்க ஊர்வலம் போய், நிழல்களிலெல்லாம் நல்ல நிழல் எது என்று பார்த்து, மேலே மனோரஞ்சிதக் கொடி படர்ந்து, காலையும் மதியமும் தண்ணீர் தெளித்துக் குளுகுளுவென்று இருக்கும் பதிவாளரின் கார் நிறுத்துமிடத்தில் நுழைந்து நின்றன. ஒரு மணிக்குத் திரும்பி வந்த பதிவாளரின் கார் சாயங்காலம் வரைக்கும் வெயிலில் நின்றது. ஐந்து மணிக்கு ஸ்டியரிங்கைத் தொட்ட பதிவாளர் ஞானதுரை கையை உதறிக்கொண்டு இறங்கி, செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"சைக்கிள் சார்."

"சைக்கிள்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?"

"நடந்து சார்."

ஞானதுரை இருபத்தெட்டு வருஷம் நிர்வாகத்தில் இருந்தவர். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று அவர் கேட்பதே இல்லை.

"யார் பெர்மிஷன் குடுத்தது?" என்றார்.

"யாரும் குடுக்கல சார்."

"திங்கக்கிழமை தர மதிப்பீட்டுக் கமிட்டி வருது. அன்னைக்கு எல்லா சைக்கிளும் ஸ்டாண்டுல நிக்கணும். ஒண்ணு வெளிய நின்னாலும் செவ்வாக்கிழமையில இருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

செண்பகவல்லி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் மகள் பேச்சியம்மாளும் மட்டும்தான் வீட்டில். வீடு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில். பேச்சி அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் முதலாண்டு படிக்கிறாள். இரண்டு பஸ் மாறி, இரண்டாவது பஸ்ஸில் பெரும்பாலும் படியில் ஒற்றைக்காலில் நின்று போகிறாள். சைக்கிள் வாங்கிக் கொடு என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள், தாய் மாட்டேன் என்கிறாள். பல்கலைக்கழக வாசல் நாலுவழிச் சாலையில் திறக்கிறது. எம்சாண்ட் லாரிகள் ஹாரனை அமுக்கிக்கொண்டே அங்கே பறக்கும். போன வருஷம் ஒரு பையன் அந்த வாசலில் அடிபட்டான். பையன் பிழைத்துக்கொண்டான். இரண்டாக மடிந்துகிடந்த சைக்கிளை எடுத்துவந்தது செண்பகவல்லிதான்.

"எல்லாரும் பேசிக்கிடுதாவ, ஒனக்கு வேலை போயிருமாமே?" என்றாள் பேச்சி.

"சொல்லிட்டாரு. நான் என்னட்டி செய்ய முடியும். பூட்டினா பூட்டோட நடக்குது."

"எம்மா, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. அந்த ஸ்டாண்டுல மத்தியானம் ஒரு நாளாச்சும் நீ நின்னு பாத்திருக்கியா?"

"நான் எதுக்கு அங்க நிக்கணும்? நிழல்ல இருந்து பாத்தாலே தெரியுமே."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. எழுந்து போய் உலை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் ஸ்டாண்டின் நடுவில் போய் நின்றாள். மூன்றாவது நிமிஷம் செருப்பின் அடி இளகித் தரையோடு ஒட்டியது. ஐந்தாவது நிமிஷம் சட்டைப் பித்தானைத் தொட முடியவில்லை. ஏழாவது நிமிஷம், சற்றுத் தாமதமாகக் கிளம்பின ஒரு பழைய கறுப்பு சைக்கிள் அவளைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்து, வருகிறாயா என்று கேட்பதுபோல ஹேண்டில்பாரைத் திருப்பியது. அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். எந்த நிழலுக்குப் போனதோ அந்த நிழலில் தானும் நின்று மூச்சு வாங்கினாள். அன்றைக்கு யாரையும் பூட்டவில்லை.

ரிபாயா அங்கேதான் இருந்தாள், கையில் வளாகத்தின் வரைபடத்தோடு. "அக்கா, நல்லா கவனிச்சீங்களா? அது நம்ம ரோட்டுல வரவே இல்ல."

"பின்ன?"

"ரோடு சதுரமா சுத்துது. அது குறுக்கால, மேடு இல்லாத பக்கமா, மூடி ஒடைஞ்ச சாக்கடைய விட்டு வெலகி வருது. ஒவ்வொண்ணும் அதே வழியாத்தான் வருது. நாம எல்லாத்தையும் கோடு போட்டு வச்சிருவோமா?"

விளையாட்டுத் துறையிலிருந்து இரண்டு வாளி சுண்ணாம்புப் பொடி வாங்கினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும், விடுதிச் சைக்கிள்கள் போகப்போக, ஒருத்தி பொடியைத் தூவ ஒருத்தி படத்தில் குறிக்க, வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு பேரும் சைக்கிள்களின் பின்னால் நடந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் நூலக மாடியிலிருந்து பார்த்தால், வளாகம் முழுக்க யாரோ ஒரு பெரிய கையெழுத்துப் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன. வேலை போவது போகட்டும் என்று செண்பகவல்லி நினைத்தாள், இதைப் போட்டுவிட்டுப் போனோம் என்று இருக்கும்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. வடக்கேயிருந்து மூன்று பேர். பதினொன்றே முக்காலுக்கு அவர்கள் நூலகப் படியில் நிற்கும்போது, நானூறு சைக்கிள்கள் வெள்ளைக் கோட்டின்மேல் ஒற்றை வரிசையாக வந்து, நடந்து போகிறவர்களுக்கு நின்று வழிவிட்டு, நிழல் நிழலாகப் பிரிந்து நின்றன. கமிட்டியில் இருந்த வயதான அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்படிப்பட்ட ஒழுங்கைத் தான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை, இது யாருடைய ஏற்பாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பதிவாளர் ஞானதுரை ஓர் அடி முன்னால் வந்தார். "இது எங்களுடைய புதிய திட்டம்" என்றார்.

"யார் பொறுப்பு?"

அவர் சுற்றிலும் பார்த்தார். முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு செண்பகவல்லி நின்றாள். "இவங்கதான். எங்க சைக்கிள் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்."

அந்தப் பதவி அந்த நொடியில்தான் உண்டானது. கமிட்டியின் அறிக்கையில் ஏறிவிட்டதால் அப்புறம் அதை எடுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அதே காக்கிச் சட்டையோடு, அதே நேரத்துக்கு வேலைக்கு வந்தாள்.

அதற்கப்புறம் பல்கலைக்கழகப் பொறியாளர் கதிரேசனுக்கு வேலை வந்தது. அவர் ஏற்கெனவே மூன்று கலரில் ஒரு பிளான் வைத்திருந்தார். எல்லாம் நேர்கோடு.

"சைக்கிளுக்கு என்னம்மா தெரியும்?" என்றார், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து.

"சார் கடைசியா எப்ப சைக்கிள் மிதிச்சீங்க?"

"பத்தாங்கிளாஸ்ல."

"அது தெனமும் ஓடுது சார்."

கதிரேசன் நல்ல மனுஷர். பிளானைச் சுருட்டி வைத்தார். சைக்கிள்கள் நின்ற இடங்களிலெல்லாம் சின்னச் சின்னக் கூரை போட்டார். முதலில், முன்சக்கரத்தை மட்டும் கவ்விப் பிடிக்கிற கம்பிகளைப் பதித்தார். சைக்கிள்கள் வந்தன, பார்த்தன, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயின. கம்பியில் அப்படி மாட்டினால் சக்கரம் கோணிப்போகும் என்று ரிபாயா சொன்னாள். அடுத்து உயரமான கொக்கி வைத்தார். அதில் ஏற எந்தச் சைக்கிளுக்கும் தெம்பில்லை. மூன்றாம் தடவை, ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இடுப்பளவு இரும்புக் குழாய்களை நட்டு, இரண்டு பக்கமும் சாய இடம் விட்டார். பச்சை சைக்கிள் முதலில் வந்து மெதுவாகச் சாய்ந்து பார்த்தது. மற்றவை பின்னாலேயே வந்தன. கதிரேசன் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. வைகாசி மாதம் ஒரு சாயங்காலம், வகுப்பு விட்டு வீட்டுக்குக் கிளம்பின சைக்கிள்கள், மேலே ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, பெரிய வாசலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றன. லாரிகள் பறக்கிற நாலுவழிச் சாலையைப் பார்த்தன. அப்படியே திரும்பி, கிழக்கு மதிலுக்குப் போய் அதன்மேல் சாய்ந்துகொண்டன. மிதித்தாலும் நகரவில்லை. மாணவர்கள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கால்வாய்க் கரை. வளைந்து வளைந்து மூன்று கிலோமீட்டர் போய், ரயில் நிலையத்துக்குப் பின்னால் முடிகிறது. ஒரு லாரிகூட இல்லாத வழி, ஆனால் முழுக்க உடைமுள்ளும் குப்பையும்.

"சார், மதில்ல ஒரு கதவு வைக்கணும்" என்று செண்பகவல்லி பதிவாளரிடம் போய் நின்றாள்.

"ஆட்சிமன்றக் குழுவுல வைக்கணும். அது ஐப்பசியிலதான் கூடும்."

"அது வரைக்கும் அதுக நிக்கும் சார். நிக்கட்டுமா?"

"நிக்கட்டும்."

நின்றன. நானூறு சைக்கிள்கள், ஒன்றின்மேல் ஒன்று, இரவும் பகலும் சாய்ந்தபடி. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மதில், அதுவும் ரொம்பப் பழைய மதில், பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு அந்தப் பக்கமாகச் சரிந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

"யார் இடிச்சது?" என்றார் ஞானதுரை.

"யாரும் இடிக்கல சார். சாய்ஞ்சுதான் நின்னுச்சு."

அவர் உடைந்த இடத்தின் வழியாகக் கால்வாயையும் அதற்கு அப்பால் இருந்த ஊரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பில், வயது முதிர்வின் காரணமாக, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முள்ளைப் பார்த்துச் சைக்கிள்கள் தயங்கின. பஞ்சர் பயம். மாணவர்களும் தோட்டக்காரர்களும் அரிவாளோடு இறங்கினார்கள், பேச்சியும் இறங்கினாள். அதே வாரம் ஊர்ப் பக்கத்து முனையிலும் சைக்கிள்கள் வந்து சேர ஆரம்பித்தன. தபால்காரர் சைக்கிள், இடியாப்பக்காரர் சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிள்கள் என்று அறுநூற்றுக்கு மேல் வந்து ரயில் நிலையத்துப் பின்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. சத்தம் போடுவதற்காக வந்த மேயர் இசக்கியப்பன், கூட்டத்தின் நடுவில், தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பதினைந்து வருஷமாகக் காற்றில்லாமல் கிடந்த சொந்தச் சைக்கிள் தட்டுத்தடுமாறி வந்து நிற்பதைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதன் மட்கார்டைத் துடைத்தார்.

ஏழு மாதத்தில் பாதை வந்தது. எட்டடி அகலம், கார் நுழைய முடியாதபடி முனைகளில் கல்தூண், ராத்திரிக்கு விளக்கு, மழைத்தண்ணீர் போக வழி, பெரிய சாலையைக் கடக்கிற ஓரிடத்தில் லாரிகள் வேகம் குறைக்க மேடு போட்டுச் சிக்னல். எந்த இடத்தில் வளைப்பது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் கதிரேசன் செண்பகவல்லியைக் கூப்பிடுவார். அவள் ஒரு சைக்கிளை உருட்டி விட்டு, அது போகிற பக்கம் கை காட்டுவாள்.

தை மாதம் திறப்பு விழா. மேயர் பேச்சின் மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. தபால்காரரின் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு ரிப்பனை அறுத்துக்கொண்டு போனது. பின்னால் ஆயிரத்துச் சொச்சம் சைக்கிள்கள் போயின. மேயர் பேச்சை மடித்துப் பையில் வைத்து, "சரி, தெறந்தாச்சு" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தன் சைக்கிளில் ஏறினார். கூட்டத்தில் பேச்சியும் போனாள், முந்தின நாள் வாங்கின நீலச் சைக்கிளில், திரும்பிப் பார்க்காமல். செண்பகவல்லி கல்தூணைப் பிடித்துக்கொண்டு, மகளின் ஜடை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் எந்தச் சைக்கிளும் அசையவில்லை.

அதற்கு அடுத்த நாளும் இல்லை. விட்ட இடத்தில் நின்றன, மிதித்தால் போயின, மற்ற ஊர்ச் சைக்கிள்கள் மாதிரி. கேன்டீன் மாஸ்டர் ஒரு வாரம் பதினொன்றே முக்காலுக்கு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். கேட்டது கிடைத்துவிட்டது, இனி எதற்கு நடக்க வேண்டும் என்றாள் ரிபாயா. அது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றியது. இருந்தாலும் வளாகம் கொஞ்ச நாள், விருந்தாளி போன வீடு மாதிரி இருந்தது. மதியங்களில் மட்டும் செண்பகவல்லிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுபடி பங்குனி வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுக்குக் குறுக்கே, நட்ட நடு வெயிலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி ஆனது. சீட்டு பளபளவென்று காய்ந்தது. சைக்கிள் நகரவில்லை.

அவள் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். யாரும் இல்லை. போய், ஸ்டாண்டைத் தட்டி விட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, மேடு இல்லாத பக்கமாக, சாக்கடை மூடியை விட்டு விலகி உருட்டிக்கொண்டு போய், கணிதத் துறைக்கு எதிரே இருந்த கூரைக்குள் குழாயில் சாய்த்து நிறுத்தினாள். வழியில் கழன்று போயிருந்த செயினையும் மாட்டி விட்டாள்.

ஒரு மணிக்குப் பையன் வெளியே வந்து திருதிருவென்று விழித்தான்.

"அக்கா, என் சைக்கிளை இங்கதான் விட்டேன்."

"கூரைக்குள்ள போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். சீட்டில் கை வைத்துப் பார்த்தான், குளிர்ந்திருந்தது. கிட்டே வந்து குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "சீனியருங்க சொன்னாங்க, நான் நம்பல. நெசமாவே நடந்து போயிட்டா அக்கா?"

செண்பகவல்லி கிரீஸ் பட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வெயில் தாங்கல போல" என்றாள். "நாளைக்கு நீயே கூட்டிட்டுப் போய் விடு. அதுக்கும் காலு வலிக்கும்லா."

பையன் தலையாட்டினான். மறுநாள் அவன் சைக்கிளில் வந்து இறங்கி, ஏறாமல், மாட்டைக் கூட்டிப் போகிற மாதிரி மெதுவாக அதைக் கூரைக்குள் நடத்திக்கொண்டு போனான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள்.